சங்கு ஊதாத மலை

இருபத்தாறு வருஷம் மலைக்கு வெடி வைத்தவன் நான்.
செட்டிச்சாவடிப் பக்கம், வெள்ளைக்கல் சுரங்கம்.
துளையில் மருந்து கெட்டித்து, ஒயரை இழுத்துவந்து,
நாலு மூலையிலும் சிவப்புக் கொடி நிற்கிறதா என்று பார்த்து,
ஒன்றரை மணிக்குச் சங்கு. மூன்று தரம்.
மூன்றாவது அடங்கும்போது
வாயைத் திறந்துகொள்ள வேண்டும்.
மூடிய வாய்க்காரனுக்குத்தான் காது போகும்.
என் இடது காது போன அன்று
வாயில் வெற்றிலை இருந்தது.

கிராஜுவிட்டி வந்ததும் மாடி எடுக்கலாம் என்றான் மகன்.
நல்லம்மாள் டிவியில் ஒரு மலையைக் காட்டினாள்,
கடல் நடுவே, உச்சியில் புகையோடு.
"உங்க வேலைய அது தானாவே செய்யுதுங்க.
ஒருவாட்டி போய்ப் பாத்துட்டு வந்துரலாம்."

பையில் நாற்பது தட்டுவடை.
நடுவில் வைக்க அந்தத் தீவில்
பீட்ரூட் கிடைக்குமா என்பதே
விமானம் முழுக்க அவள் கவலை.

நடுராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பி
நெற்றியில் விளக்குக் கட்டிவிட்டான் கெதுத், வழிகாட்டி.
மூன்றாம் ஷிப்ட் என்று நினைத்துக்கொண்டு ஏறினேன்.
எங்கள் ஊர்த் தூசி வெள்ளை;
சட்டையை உதறினால் விபூதிக் கடை.
இங்கே கால் புதைந்ததெல்லாம் கரி.
தீபாவளிக்கு மறுநாள்
தெரு கூட்டுவதற்கு முன்னால் அடிக்குமே,
அந்த வாடை, மலை முழுக்க.

விளிம்பில் முப்பது பேர், முப்பது போன்கள்.
நான் கொடியைத் தேடினேன்.
ஒதுங்க ஒரு பாறை தேடினேன்.
முந்நூறு மீட்டர் தள்ளி நிற்கப் பழகியவன்
இப்போது வாய்க்கு மேலேயே நிற்கிறேன்.

உள்ளே என்னவோ புரண்டது.
செருப்பு வழியாகத்தான் முதலில் தெரிந்தது.
நானாக எதுவும் செய்யவில்லை:
முதுகு திரும்பியது, முழங்கால் மடிந்தது,
வாய் திறந்தது.
ஒரு வெள்ளைக்காரப் பெண்
அதிசயத்தில் வாய் பிளந்தவன் என்று
என்னைப் படம் எடுத்துக்கொண்டாள்.

நல்லம்மாள்தான் மெதுவாகக் கேட்டாள்,
"ஏங்க, சங்கே ஊதலையே?"

அதுவரை பயமில்லை எனக்கு.
அப்புறம்தான் உறைத்தது:
யாரும் மருந்து கெட்டிக்கவில்லை.
யாரிடமும் லைசென்ஸ் இல்லை.
ஒயரின் அந்த முனையில்
ஆளே இல்லை.

இறங்குகிற வழியெல்லாம் வெங்காயப் பாத்தி.
புகைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு
ஒருத்தி களை பறித்தாள்.
கெதுத்தின் அக்காளாம்.
இலையில் அவித்த கிழங்கும் வெல்லமும் வைத்து நீட்டினாள்.
"அட, குச்சிக்கிழங்கு!" என்று
ஆத்தூர்ச் சொந்தத்தைப் பார்த்ததுபோலக்
கத்திவிட்டாள் நல்லம்மாள்.
பதிலுக்கு நாங்கள் தட்டுவடை கொடுத்தோம்.
பயமா இருக்காதா என்று கையால் கேட்டேன்.
அவள் மலையைப் பார்க்கவில்லை.
மண்ணை அள்ளி, உதிர்த்து,
வெங்காயத்தின் பருமனைக் காட்டினாள்.

ஊர் வந்து சேர்ந்த காலையில் மழை விட்டிருந்தது.
மேகம் அடிவாரத்தை விழுங்கி
சேர்வராயன் உச்சி மட்டும் மிதந்தது
கடலில் நிற்கிற மாதிரி.
பிறந்ததிலிருந்து பார்க்கிற மலை.
அன்றைக்கு முதன்முதலாக
அதைக் கொஞ்சம் சந்தேகமாகப் பார்த்தேன்.
சுரங்கத்து ஜியாலஜிஸ்ட் பெண் பிரிஸில்லா சிரித்தாள்:
"இது வெடிக்காது சார். எப்பவோ ஆறிப்போச்சு."
எப்பவோ என்றால் எப்ப என்று
நான் கேட்கவில்லை.
அவளும் சொல்லவில்லை.

இன்று சாப்பாட்டில் உட்கார்ந்தபோது ஒன்றரை.
முதல் சங்கு.
என் இடத்தில் இப்போது நாழிக்கல்பட்டிப் பையன், கவனமானவன்,
கொடியை எண்ணியிருப்பான்.
இரண்டாவது.
ரசம் சோற்றோடு வாயைத் திறந்துகொண்டேன்.
வேலைக்குப் போகாதவனுக்கு எதற்கு என்று
எப்போதும்போலத் திட்டுவாள் என நிமிர்ந்தால்
எதிரே நல்லம்மாள்,
கரண்டியைப் பிடித்தபடி,
ஜன்னலில் மலையைப் பார்த்துக்கொண்டு,
அவளும்.